சீட்டு எழுதும் முன்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. சம்பா அறுவடை நேரம், ஓ.பி.யில் கூட்டம் குறையவே இல்லை. பையனுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனதாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. காலையில் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறார்.

எங்களைப் போன்ற பி.எச்.சி.யிலிருந்து (ஆரம்ப சுகாதார நிலையம்) பரிந்துரைச் சீட்டோடு உங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலரை எதற்கு அனுப்பினார்கள் என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் போன வருஷம் நான் அனுப்பிய ஒரு பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

சாயங்காலம் வந்தார். பி.பி. 200/110. தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. கை கால் நன்றாக இருந்தன, பேச்சும் தெளிவு. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் பத்து நாள் மாத்திரை போடவில்லை, அவ்வளவுதான். நான் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து 108-ஐக் கூப்பிட்டு அனுப்பிவிட்டேன். இரவு முழுக்க அவசரப் பிரிவு வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, காலையில் வழக்கமாகப் போடும் அதே பி.பி. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். மூன்று நாள் கழித்து மஞ்சப்பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டி, "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்றார். எட்டாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அறிகுறி ஒன்றுமில்லாத பி.பி.யை அவசரமாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும் ஆபத்துதான் அதிகம். மாத்திரையை மறுபடி தொடங்கி, இரண்டு மூன்று நாளில் திரும்ப வரச் சொல்லியிருந்தால் போதும். வீடு வீடாகப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்து அக்காவிடம் சொன்னால் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவார். அன்றிலிருந்து, பேனாவை எடுக்கும் முன் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்: என்னால் இங்கே முடியாத எதை அங்கே செய்வார்கள்? எத்தனை மணிக்குள் செய்தாக வேண்டும்?

போன மாதம் ஒரு கொத்தனார் வந்தார். வாயு என்றார், சோடா குடித்தாராம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு பளிச்சென்று தெரிந்தது. மாரடைப்புக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளை எடுத்தோம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை. நர்ஸ் அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். அவர் மச்சான் பைக்கில் கூட்டிப்போவதாகச் சொன்னான், நான் விடவில்லை. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் பைக்கில் என்ன செய்ய முடியும்? 108 வருவதற்குள் ஜி.எச்.சுக்குப் போன் போட்டு ஈ.சி.ஜி.யை அனுப்பிவிட்டேன். பிழைத்துவிட்டார்.

பக்கவாதம் போல வாய் கோணி, கை விழுந்து வந்தால் சர்க்கரை அளவு மட்டும் பார்க்கிறேன், தாழ்சர்க்கரையும் அப்படியே காட்டும் அல்லவா? அது சரியாக இருந்தால் உடனே வண்டி. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான், ஊசிக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் இறக்கவே கூடாது.

பாம்புக்கடி இதற்கு நேர் எதிர். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. இமை சொருகும்போதுதான் தெரியும். விஷமுறிவு மருந்து எங்களிடமே இருக்கிறது. ஆனாலும் ஜனங்கள் எங்கள் வாசலைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போகிறார்கள். இங்கேயே 10 குப்பியை ஏற்றிவிட்டு அனுப்புவதுதான் முறை. அந்த மருந்தைப் போடத் தயங்கி, சீட்டு மட்டும் எழுதி அனுப்புகிற டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

டெங்குவில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கையை மட்டும் வைத்து அனுப்புவதில்லை. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவது என்று வந்தால்தான் அனுப்புகிறேன்.

அப்புறம், எங்கள் தெருவில் வாய்ப் புற்றுநோயோடு ஒரு பெரியவர் இருந்தார். வலி கூடும்போதெல்லாம் 108, அவசரப் பிரிவு, ஒரு ஊசி, மறுபடி வீடு. ஒரு மாதத்தில் நாலு தடவை. வலிநிவாரண நர்ஸை வீட்டுக்கு வரவைத்து, மார்ஃபின் மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கச் செய்தோம். அதன் பிறகு அவர் ஆம்புலன்ஸ் ஏறவில்லை. கடைசி மூன்று வாரம் சொந்தத் திண்ணையில்தான் படுத்திருந்தார். இதை முன்பே செய்திருக்கலாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் டூட்டி டாக்டர் எடுக்கிற நம்பர் ஒன்று அனுப்பு. சந்தேகமான கேஸில் இரண்டு நிமிஷம் பேசினால் பாதி வண்டிகள் கிளம்பவே தேவையிருக்காது. நான் அனுப்புகிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல். என் பங்குக்கு, வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, கொடுத்த மணி எல்லாம் சீட்டில் புரிகிற கையெழுத்தில் இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்