மீனை விடும் நாள் மட்டுமா பாடம்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பள்ளிகளில் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனை முட்டையிலிருந்து வளர்க்கும் வகுப்பறைத் திட்டம் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். குஞ்சுகளை ஓடையில் விடும் நாளின் குதூகலமே செய்தியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. புகைப்படத்துக்கு அது அழகுதான். பாடம் நடப்பதோ அதற்கு முந்தைய மாதங்களில். அத்தகைய தொட்டி ஒன்றைப் பராமரித்த ஆசிரியை என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இறந்த முட்டை வெளுத்துவிடும். அதை உறிஞ்சி அகற்றத் தவறினால் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்து பக்கத்து முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். இதைக் கண்ணால் கண்ட மாணவர்கள், சொல்லாமலேயே காலையில் துளிக்குழாயோடு தொட்டியருகே நின்றார்கள். பொரித்த குஞ்சுகளுக்கு வயிற்றடியில் தொங்கும் மஞ்சள்கருப் பையே உணவு. அது கரைந்த பின் நாம் போடும் தீனி மிஞ்சினால் நீரில் மீனுக்கு நஞ்சான அமோனியா ஏறும். நீர் சூடேறினாலோ கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வேதியியலும் உயிரியலும் ஒரே தொட்டியில் இப்படிக் கைகோத்து நிற்பதைப் பாடநூலில் காட்ட முடியாது.

எத்தனை குஞ்சுகள் ஓடைக்குப் போயின என்பதை வைத்துப் பள்ளிகளை மெச்சுவது தேவையற்ற போட்டியையே வளர்க்கும். இறந்தவற்றை மறைக்கவும் தூண்டும். மாறாக, நீரின் வெப்பநிலை, அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் ஆகியவற்றின் அளவுகளோடு இறப்புகளையும் காரணங்களையும் மாணவர்களே எழுதும் அன்றாடக் குறிப்பேட்டுக்கு அறிவியல் மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை