நாலு விளக்கும் ஒரு தண்ணீர்க் குழாயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உள்ளறைக் கஞ்சாச் செய்கை பற்றிய கட்டுரையை வாசித்தேன். "ஒரு அறை, நாலு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் போதும், மூன்று மாதத்தில் காசு கொட்டும்" என்று போட்டிருக்கிறீர்கள். நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற கஞ்சா ஆலை ஒன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அந்த நாலு விளக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் எங்கள் முதலாளி உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்.

கட்டுரையாளர் பூக்கும் அறைக்குள் ஒரு நாளாவது நின்றிருக்கிறாரா? வளரும் பருவத்தில் செடிக்கு நாளுக்கு 18 மணி நேரம் வெளிச்சம். பூக்க வைக்கும்போது 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் கும்மிருட்டு. அந்த இருட்டு உடையக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் கதவின் அடியில் இருந்த ரப்பர் பட்டி கிழிந்து, நடைவழி வெளிச்சம் விரலளவு உள்ளே விழுந்துகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பெண் செடிகளில் ஆண் பூ வந்து, மகரந்தம் பறந்து, அறை முழுக்க விதை. விதை விழுந்த பூவை யார் வாங்குவார்கள்? எட்டு வாரம் பிள்ளை போலப் பார்த்த செடிகளை நானும் இன்னும் இருவரும் பைகளில் அள்ளினோம். சும்மா குப்பையில் போடவும் முடியாது. அழிப்பதற்கு நிறை பார்க்க வேண்டும், பதிய வேண்டும், சாட்சி நிற்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய்க் கதையும் இப்படித்தான். ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகக் காற்றுக்கே வந்து நிற்கும். விளக்கு அணைந்து அறை குளிர்ந்ததும் ஈரப்பதம் எகிறும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அந்த நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டால், நல்ல தடித்த பூவாகப் பார்த்து நடுவில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், பிரித்தால் அழுகல். மருந்து அடிக்கலாமே என்பீர்கள். 2019 தொடக்கத்திலிருந்து பூச்சிமருந்துப் பரிசோதனை கட்டாயம். அனுமதியில்லாத மருந்தின் சுவடு இருந்தாலே சிக்கல். அதனால் செடியை உறிஞ்சும் சிலந்திப் பேனைத் தின்ன இன்னொரு பேனைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறோம். என் அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலை செய்தவர். அந்தக் காசில்தான் எங்கள் நாலு பேரையும் படிப்பித்தார். அவரை ஊரில் கமக்காரர் என்றார்கள். உங்கள் கட்டுரை எங்களை "கஞ்சாக் கும்பல்" என்கிறது. ஆலைக்குள் போகும் வாசலெல்லாம் கமரா, ஒவ்வொரு செடிக்கும் கணக்கு, மணம் வெளியே போகாமல் காற்றுக்கு வடிகட்டி. இவ்வளவு பதிவோடு வேலை செய்கிற கும்பலை நான் வேறெங்கும் கண்டதில்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இங்கே ஒரு கோயிலில் அன்னதானத்துக்கு என் காசோலையை வாங்கிக்கொண்டு, உபயகாரர் பலகை எழுதும்போது, "அண்ணை, என்ன வேலை என்று யாரும் கேட்டால் சங்கடம்" என்று பெயரை விட்டுவிட்டார்கள். காசோலை திரும்பி வரவில்லை.

காசு கொட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிராமுக்கு ஒரு டொலர், அல்லது உற்பத்தியாளர் விற்கும் விலையில் 10 சதவீதம், இரண்டில் எது கூடவோ அதுதான் கலால் வரி. மொத்த விலை விழுந்த பிறகும் அந்த ஒரு டொலர் விழவில்லை. இது உங்களுக்குத் தெரியாதா? 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் இங்கே நடைமுறைக்கு வருமுன்பே "கஞ்சாப் பங்கு வாங்குங்கள்" என்று முழுப்பக்கம் போட்டது நீங்கள்தானே. நம்பி நானும் வாங்கினேன். எந்தக் கம்பனி என்பதை விடுங்கள், இன்றைய பெறுமதியில் உங்கள் வருடச் சந்தாவைக்கூடக் கட்ட முடியாது. இதே மாகாணத்து ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் ஊரில் பழைய ஹெர்ஷி சொக்கலேற் ஆலையில் இயங்கிய கஞ்சா ஆலையைக் கனோபி நிறுவனம் 2023இல் மூடி, கட்டடத்தை ஹெர்ஷிக்கே திருப்பி விற்றதே, அப்போது ஒரு வரி எழுதினீர்களா? நான் கடிதம் எழுதினேன். அது வரவில்லை. அந்த இடத்தில் ராசிபலன் இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

எங்களைத் திட்ட விருப்பம் என்றால் திட்டுவதற்கு உருப்படியான விஷயம் இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு கிலோ காய்ந்த பூவை உள்ளறையில் விளைவிக்க, இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான வெளியீடாம். வெளியே வெயில் சும்மா கிடக்க, உள்ளே சூரியனைக் கட்டி வைத்து மின்கட்டணம் கட்டுவது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அப்புறம் தூசி. 2022இல் மாசசூசெட்ஸில் கஞ்சா ஆலைத் தொழிலாளி ஒருவர், அரைக்கும் தூசியால் வந்த ஆஸ்துமாவில் இறந்துபோனார். எங்கள் ஆலையிலும் அரைக்கும் பகுதியில் இருந்த ஒரு அக்கா இருமல் தாங்காமல் வேலையை விட்டார். இதையெல்லாம் எழுதியிருந்தால் கட்டுரையை வெட்டி ஆலைச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

சரி, நான் கேட்க வந்தது ஒரு திருத்தம்தான். கட்டுரையின் கடைசியில் "வீட்டில் ஆளுக்கு நான்கு செடி வளர்க்கலாம்" என்று இருக்கிறது. ஆளுக்கு அல்ல. எத்தனை பெரியவர்கள் இருந்தாலும் ஒரு வீட்டுக்கு நான்கு. கியூபெக் மாகாணத்தில் அதுவும் கூடாது. என் மருமகன் வீட்டில் ஐந்து பேர். உங்கள் பத்திரிகையைக் கையில் மடித்துப் பிடித்தபடி வந்து, "மாமா, அப்ப எங்களுக்கு இருபதோ?" என்று கேட்கிறார்.

அடுத்த இதழில் இரண்டு வரி போட்டால் போதும். ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். மருமகன் அதைத்தான் முதலில் வாசிப்பார்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டும் வாசகன்,
ஒன்ராறியோ