மாமாவால் முடியுமா என்று கேட்டாயே அக்கா

அன்புள்ள அக்கா,

மாமாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் அவருடைய குடிநோய் 'தீவிரம்' என்று டாக்டர் எழுதியதைப் பார்த்ததிலிருந்து நீ கேட்பது ஒன்றுதான்: "குடியை விட இவரால முடியுமாடா?"

மனநோய்களைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 கையேட்டில் குடிநோய்க்கு 11 அறிகுறிகள் இருக்கின்றன. நிறுத்தப் பார்த்தும் முடியாமல் போவது, வேலை கெடுவது, குடிக்காவிட்டால் கை நடுங்குவது என்று வரிசையாக. ஓராண்டுக்குள் ஆறோ அதற்கு மேலோ தென்பட்டால் அது தீவிரம். மாமாவுக்கு வழி கடினம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டை வைத்து அவர் கதையை முடித்துவிடாதே.

"என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து ஜெயித்துப் பார்ப்பதுதான் அதற்குப் பெரிய ஊற்று என்றார். தன்னைப் போன்ற இன்னொருவர் ஜெயிப்பதைப் பார்ப்பதும் உதவும். அடுத்தவர் வாய்ச்சொல்லுக்கு அத்தனை பலம் கிடையாது. அதனால்தான் பிள்ளைகள் தலையில் அடித்து வாங்கிய சத்தியம் எதுவும் நிற்கவில்லை.

அப்புறம், இந்த எண்ணம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. 1994இல் டிக்ளெமெண்டி என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் குடிப்பவர்களுக்காக வெளியிட்ட கேள்வித்தாளில் குடிக்கத் தூண்டும் 20 சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் ஆசை எவ்வளவு, தவிர்த்துவிடுவேன் என்ற தெம்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். கவுன்சிலர் அதுபோல ஒரு தாளைத் தந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தெம்பு எவ்வளவு என்ற இடத்தில் மாமா மளமளவென்று எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டுக்கொண்டே வந்தார். கூட்டாளிகளோடு விசேஷ வீட்டில் இருக்கும்போது என்ற இடத்தில் பேனா நின்றது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு போட்டார். எனக்கு அந்த இரண்டின் மேல்தான் நம்பிக்கை. பரீட்சை எழுதாமலே போட்ட முழு மார்க்கை விட அது நிஜம்.

நீ வாசலிலேயே நிறுத்தி "வாயை ஊது" என்கிறாய். பட்ட பாட்டுக்கு உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் குடிக்காமல் வந்த சாயங்காலம்கூட அந்த இடத்தில் தோற்றதாக ஆகிவிடுகிறது. "இன்னிக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பார். ஒருநாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று நீயும் சொல்லாதே. அவரே அப்படி நினைத்துவிட்டால்தான் ஒரு கிளாஸ் ஒரு வாரக் குடியாகும். அன்றே கவுன்சிலரைக் கூப்பிடுங்கள்.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குக் காலை முகூர்த்தத்துக்கு மட்டும் போகட்டும். முந்தின ராத்திரி ரிசப்ஷன் வேண்டாம். நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், சாப்பிட்டதும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். மாமாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

அன்புடன்,
உன் தம்பி