கரவன் வண்டிகளின் பாதுகாப்புக் குறித்து ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தில் பணியாற்றும் மோட்டார் வாகனப் பரிசோதகர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் கரவன் வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறவினர்களில் சிலர் விடுதிகளைத் தவிர்த்து, வானுக்கோ ஜீப்புக்கோ பின்னால் கரவனை, அதாவது படுக்கையும் அடுப்படியும் உள்ள இழுவை வண்டியை, பூட்டிக்கொண்டு சாட்டி, கசூரினா, மணற்காடு ஆகிய கடற்கரைகளுக்குப் போய் இரவு தங்குவதை விரும்புகிறார்கள். வாகனம் திருத்தும் தொழிலில் உள்ள எனக்கு இதில் மகிழ்ச்சியே. ஆயினும், இறக்குமதியான பழைய கரவன் ஒன்றுக்கு வர்ணம் பூசி, மெத்தையையும் திரைச்சீலையையும் மாற்றிவிட்டால் அது வாடகைக்கு ஆயத்தம் என்ற எண்ணம் உரிமையாளர் பலரிடம் இருப்பதைப் பட்டறையில் காண்கிறேன். கரவன் வீதியில் ஓடும் வாகனம்; அதே வேளை, எரிவாயுவும் மின்சாரமும் உள்ள வீடு. அச்சையும் சில்லையும் பார்ப்பவர் அடுப்பைப் பார்ப்பதில்லை. அடுப்பைப் பூட்டுபவர் அச்சைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இழுவைப்பெட்டி எங்களுக்குப் புதியதல்ல. வெங்காயமும் புகையிலையும் கல்லும் மணலும் உழவு இயந்திரப் பெட்டியில்தான் போய்வருகின்றன. அதற்கெனத் தனிப் பிறேக் இல்லாவிட்டாலும் மெல்ல ஓடும் இயந்திரம் எப்படியோ சமாளித்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு கரவனை அணுகுவதுதான் ஆபத்து. அமெரிக்க வகைக் கரவன்களில் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட் மின்காந்தத்தால் இயங்கும் பிறேக் உண்டு. இழுக்கும் வாகனத்தில் அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவி இல்லையென்றால், பிறேக் இருந்தும், ஓட்டுபவர் மிதிக்கும்போது அது பிடிக்காது. பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் பிறேக்குக்கு மின்சாரம் தரும் வயரைச் சுருட்டி, நிலத்தில் உரசாதபடி இழுவைத்தண்டோடு கட்டி வைத்திருந்தார்கள். அதை வாடகைக்கு எடுத்த குடும்பத்துக்கு, ஒன்றரைத் தொன் சுமை தங்கள் முதுகுக்குப் பின்னால் பிறேக் இல்லாமல் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

கரவனை வாகனத்தோடு இணைக்கும் கொளுவியிலும் இதே அலட்சியம். கொளுவி மாட்டப்படும் குண்டின் விட்டம் ஐரோப்பிய வகையில் 50 மில்லிமீற்றர். அமெரிக்க வகையில் பரவலாக உள்ளது 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஐரோப்பியக் குண்டில் அமெரிக்கக் கொளுவியைப் பூட்டினால் ஆட்டம் கொடுக்கும்; அமெரிக்கக் குண்டில் ஐரோப்பியக் கொளுவியைப் பூட்டினால் முழுதாகப் பூட்டுப்படாமல் நிற்கும். அத்தகைய நிலையில் கொளுவி கழன்றால் தாங்குவதற்குப் பாதுகாப்புச் சங்கிலி மட்டுமே உண்டு. நான் பார்த்த சில வண்டிகளில் அதுவும் இல்லை.

பாரத்தை ஏற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வகைக் கரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதமும், பிரித்தானிய வகையில் ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதமும் கொளுவியின் மேல் இறங்க வேண்டும். எனினும் இழுக்கும் வாகனமும் கொளுவியும் தாங்கும் அளவை அது மீறவும் கூடாது. மின்பிறப்பாக்கியையும் தண்ணீர்க் கலன்களையும் பின்பக்கத்தில் அடுக்கினால் முன்பாரம் குறைந்து, வேகம் கூடும்போது கரவன் வாலாட்டத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில், கடலின் நடுவே செல்லும் பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைத் தாம்போதியிலோ பக்கவாட்டில் அறையும் காற்று இந்த ஆட்டத்தை மேலும் பெருக்கும். அப்போது வாகனத்தின் பிறேக்கை ஓங்கி மிதிப்பதும் சுக்கானை வெட்டித் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். இந்த அறிவுறுத்தலையாவது ஓட்டுபவர் கையில் தமிழில் எழுதிக் கொடுக்க உரிமையாளருக்கு என்ன செலவாகும்?

ரயரில் பூ தேயவில்லை என்பது போதிய சான்றல்ல. மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் கரவனின் ரயர் ஓடித் தேய்வதற்கு முன்பே பக்கச்சுவரில் விரிசல் விட்டுப் பழுதாகிவிடும். ரயரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தால் வயது தெரியும்: 3218 என்றால் 2018 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம்.

வீட்டுப் பகுதிக்கு வருகிறேன். 2021 இன் இறுதியில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது அடுப்படியில் கால் வைக்கவே அஞ்சியதை நாம் மறந்திருக்க முடியாது. கரவனின் அடுப்படி படுக்கையோடு ஒட்டியது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானதால், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே பல கரவன்களின் தரையில் துவாரங்கள் வைக்கப்பட்டுள்ளன. எறும்பும் மணலும் ஏறுகின்றன என்று அவற்றைத் துணியால் அடைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியும் கவனத்துக்குரியது. கரவன் சமதளத்தில் நிற்காமல் அதை நெடுநேரம் இயக்கினால் அதன் கொதிகுழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். அக்குழாயில் விரிசல் ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்ற காரணத்தால், டொமெற்றிக் நிறுவனம் 2006 இல் அமெரிக்காவில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை மீளழைத்தது. பழைய கரவன் வாங்குபவர் அதன் பெட்டி அத்தகைய வரிசையைச் சேர்ந்ததா என்று பார்ப்பது அவசியம். மின்பிறப்பாக்கியின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி பூட்டாமல் எவரையும் உள்ளே படுக்க விடக்கூடாது.

அமெரிக்கக் கரவனின் வயரிங் 120 வோல்ட்டுக்கு உரியது, எங்கள் மின்சாரமோ 230 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு மாற்றியைப் பூட்டி, புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் விட்டால், கசிவு ஏற்படும் நாளில் அலுமினிய உடல் முழுவதும் மின்னேறும். அமெரிக்கக் கரவனின் கதவும் வலப்பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஓடும் எமது வீதியில் ஓரமாக நிறுத்தினால், பிள்ளைகள் இறங்குவது வரும் பேருந்தின் முன்னால்தான்.

பரிசோதகர்களே, பேருந்துக்கும் பாரவூர்திக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் நாட்டில், வாடகைக் கரவனுக்கும் ஆண்டுக்கொருமுறை பிறேக், கொளுவி, சங்கிலி, ரயர் வயது, எரிவாயுக் கசிவு, புவித்தொடுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் நடைமுறை ஒன்றைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன். உரிமையாளர்களே, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத வாகனத்துக்கு மின் பிறேக் கரவனைக் கொடுக்க மறுப்பதை இன்றே தொடங்கலாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்தும் ஒருவன்