அம்பாசடரின் அடித்தகட்டுக்கு எதைப் பூசுவது?

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அப்பாவின் மார்க் 2 அம்பாசடரை விற்காமல் வைத்துக்கொள்வது என்று நீ முடிவெடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடித்தகடு துருப்பிடிக்காமலிருக்கப் பட்டறையில் ஒரே நாளில் ரப்பர் கோட்டிங் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், சம்மதிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்.

அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டியும், தரைக்கு அடியில் உள்ள பெட்டிப் பகுதிகளும்தான் அதன் முதுகெலும்பு. துரு பெரும்பாலும் இவற்றின் உள்ளே பிடித்துத்தான் வெளியே வரும். அதிலும் தூத்துக்குடி உப்பளக் காற்று. தகட்டில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழை இல்லாத மாதத்திலும் இரும்பு காய்வதே இல்லை. இதன்மேல் தாரோ ரப்பரோ கலந்த கனமான கோட்டிங்கை அடித்தால் சில வருடங்களில் அது இறுகி, மயிரிழையாக விரிசல் விடும். விரிசல் வழியே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மேலே கறுப்பாகப் பளிச்சென்று இருக்கும், திருப்புளியை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கிற பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம். புழுதியைப் பிடித்து வைக்கும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், அடுத்த மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும்.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்று. பெட்ரோல் டேங்கை இறக்கி வண்டியை விட்டுத் தூரமாக வை. பழைய பூச்சை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி எடு. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீஸர் போட்டு பிரஷரில் கழுவு. கடைசிக் கழுவலுக்கு உப்பு போர் தண்ணீர் கூடவே கூடாது, நல்ல தண்ணீர் வாங்கிக்கொள். பெட்டிகளின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திற. பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடு.

காய்ந்ததும் சிறு சுத்தியலால் தட்டிப் பார். மந்தமான சத்தம் வரும் இடத்தில் தகடு போய்விட்டது என்று அர்த்தம். அதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து 18 கேஜ் தகடு வெல்டு செய்யச் சொல். பட்டி போட்டு மூடவோ, பழைய துருவின்மேலேயே தகட்டை ஒட்டவோ விடாதே. அடியில் மணல் பிளாஸ்டிங்கும் வேண்டாம். மெல்லிய தரைத்தகடு நெளியும், மணல் பெட்டிக்குள் போய்த் தங்கிவிடும். வயர் பிரஷ்ஷும் 80 நம்பர் எமரித்தாளும் போதும். முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரை மட்டும் கிரைண்டராலோ வயர் பிரஷ்ஷாலோ தொடவே கூடாது. அதில் விழும் கீறலிலிருந்துதான் முறிவு தொடங்கும். துணியால் துடைத்தால் போதும்.

துருவை மாற்றும் ஆசிட் கரைசலை, சுரண்டியும் போகாமல் குழியில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் பயன்படுத்து. பாளமாக இருக்கும் துருவில் அது அடிவரை இறங்காது. மீந்த ஆசிடைக் கழுவிக் காயவைக்காவிட்டால் அதன்மேல் அடிக்கப்போகும் எபாக்ஸி பிரைமர் பிடிக்காமல் உரிந்து வரும்.

வெளித்தகட்டுக்கு நான் சொல்வது இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சாதாரண ரெட் ஆக்ஸைடின்மேல் எபாக்ஸி அடித்தால் அதன் தின்னர் அடிப்பூச்சைச் சுருட்டிக் கிளப்பிவிடும், இரண்டையும் கலக்காதே. மடிப்பு முனைகளுக்கும் வெல்டு ஓரங்களுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை பூசு. பெயிண்ட் கூர்முனையிலிருந்து விலகி மெலிவதால் துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பிறகு ஒவ்வொன்றும் காய்ந்தபின் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 75 பங்கு) கனம் வருமாறு இரண்டு கோட். ஒரே கோட்டில் கனமாக அடித்தால் தின்னர் உள்ளே மாட்டி ஊசித்துளைகள் விழும். மடிப்புகளையும் சேர்த்து உன் வண்டியின் அடிப்பரப்பு சுமார் 12 சதுர மீட்டர் வரும். கன அளவில் 60 சதவீதம் திடப்பொருள் உள்ள எபாக்ஸி லிட்டருக்கு 8 சதுர மீட்டர் கணக்கு, ஆக இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர், சேதாரத்தோடு 4 வாங்கு. இரண்டு கோட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதைத் தாண்டிவிட்டால் எமரி தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

தகட்டு இணைப்புகளில் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் பிதுக்கு. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அசிட்டிக் ஆசிடைக் கக்கி இரும்பை அரிக்கும், அதைத் தொடாதே. நீ கேட்ட ரப்பர் கோட்டிங்குக்கு இதற்குப் பிறகுதான் வேலை வருகிறது, அதுவும் கல் தெறிக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கு மட்டும். மற்ற இடங்களுக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் பியூ மேல்பூச்சு கொடு. புதுத் துரு அதில் உடனே கண்ணில் படும். ஸ்பிரேயில் பியூ அடித்தால் ஐசோசயனேட் புகை நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் தடுக்காது. பிரஷ்ஷிலேயே பூசச் சொல்.

சைலன்சர், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், கிரீஸ் நிப்பிள், பின் ஆக்ஸிலின் காற்றுத்துளை, எர்த் கம்பி மாட்டும் இடம் எதிலும் பூச்சு படக்கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு பக்கம் கனமாக ஒட்டினால் வேகத்தில் அதிரும்.

பெட்டிகளின் உட்பக்கத்துக்கு பெயிண்ட் பிரயோஜனப்படாது, அங்கே எட்டிச் சுத்தம் செய்ய வழியில்லை. அதற்கு கேவிட்டி வாக்ஸ் என்று, பெட்டிக்குள் பீய்ச்சும் மெழுகு இருக்கிறது. நீளக் குழாயின் முனையில் சுற்றிலும் பீய்ச்சும் நாசிலை மாட்டி, கடைசி வரை நுழைத்து, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். மடிப்பு இடுக்கில் ஊறிப்போகும், இறுகாது, விரிசலும் விடாது. மூன்று நான்கு லிட்டர் பிடிக்கும். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் அடிக்கணும், வாக்ஸ் தீப்பிடிக்கும். வடிந்து முடிந்ததும் ஓட்டைகளை மறுபடி கம்பி விட்டுத் திற. நம் ஊர் வெயிலுக்கு இளகி ஒழுகாத ரகமாகக் கேட்டு வாங்கு. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருதரம் திரும்ப அடி.

மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள். ஆனி, ஆடியில் காற்று ஈரப் பெயிண்டின்மேல் புழுதியை வாரிப்போடும். காலை பத்து மணிக்கு மேல், தகட்டில் பனி ஈரம் போனபின் தொடங்கு.

பட்டறைக்கு விடுவதற்கு முன்னால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தையும் கதவடிப் பெட்டியின் பின்முனையையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அங்கே தகடு போயிருந்தால் வெல்டிங் செலவு பெயிண்டைவிடப் பல மடங்கு ஆகும். அதைப் பார்த்துவிட்டே டப்பா வாங்கலாம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரங்கன்