ஊசியில் நூல் கோக்க முடியாத மூன்று மாதம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கயலுக்கு,

காய்ச்சலும் சளியும் போய் நாலு நாளாகிறது, இப்போது கண் மட்டும் சிவந்து மங்கலாகத் தெரிகிறது, மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாய். நான் "வேண்டாம்" என்று ஆரம்பிப்பதற்குள் மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்றுகூடக் கேட்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது நினைவிருக்கும். அதற்கப்புறம் நடந்ததை நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. முதலில் தொண்டை வலி, காய்ச்சல். மூன்றாம் நாள் வலது கண், பிறகு இடது. பத்து நாளில் சிவப்பு வடிந்துவிட்டது. சரி, போயிற்று என்று மெஷினில் உட்கார்ந்தால் ஊசிக் காதே தெரியவில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டால் தையல் எங்கே போகிறதென்று விரலால் தடவித்தான் பார்த்தேன். சாயங்காலம் பாரதி ரோட்டில் எதிரே வருகிற வண்டி வெளிச்சமெல்லாம் சிதறிச் சிதறித் தெரிந்தது.

ஒரு மெடிக்கலில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டே நாளில் பளிச்சென்று ஆனது. நிறுத்தினேன், திரும்ப மங்கல். மறுபடி வாங்கினேன். இப்படியே மூன்று மாதம் ஓட்டினேன். கடைசியில் புதுச்சேரி பஸ் ஏறி, தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன். கண் அழுத்தம் 32 என்றார்கள். 21-க்குள் இருக்க வேண்டுமாம். நான் விட்டுக்கொண்டிருந்தது ஸ்டீராய்டு.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். மெட்ராஸ் ஐயைப் பெரும்பாலும் கொண்டுவருவது அடினோ வைரஸ். தொண்டை வலியும் காய்ச்சலும் கொடுப்பதும் அதுவேதான். சிவப்பு போன பிறகும் சிலருக்குக் கருவிழியில் புள்ளி புள்ளியாக நிற்கும். வைரஸை எதிர்த்து உடம்பு போட்ட சண்டையின் மிச்சம் அது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இருக்கும். ஸ்டீராய்டு விட்டால் புள்ளி அமுங்கும், நிறுத்தினால் எழும். அதற்குள் சிலருக்கு அழுத்தம் ஏறிக் கண் நரம்பை அரிக்கும், வலியே தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு வருகிற எல்லாச் சிவப்பும் அடினோவும் இல்லை. அக்கி வைரஸ் வகையாக இருந்தால் அதே சொட்டு கருவிழியைப் புண்ணாக்கிவிடும். கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

மூக்குக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாயே. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசக்கிறதல்லவா? இரண்டுக்கும் நடுவே குழாய் இருக்கிறது. அதைவிட, மூக்கைத் துடைத்த கையால் கண்ணைக் கசக்குவதுதான் பெரிய வழி.

கொரோனாவிலும் கண் சிவந்தது. அபூர்வமாகச் சிலருக்கு விழித்திரை ரத்தக் குழாயில் அடைப்பு வந்து, வலியில்லாமல் ஒரு கண் பார்வை மங்கியது. 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்து எத்தனை பேர் கண்ணை இழந்தார்கள்! பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டது. உனக்கு அப்படி வரும் என்று சொல்லவில்லை, கயல். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் லென்ஸைக் கழற்று. இப்போது போட்டிருக்கிற ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடு, கண்ணாடி போட்டுக்கொள். லென்ஸ் போடுகிறவர்களுக்குச் சிவப்பும் மங்கலும் சேர்ந்து வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இன்றைக்கே கண் டாக்டரிடம் போ. வலியோ வெளிச்சம் பார்த்தால் கூச்சமோ இருந்தால் மீட்டிங்கை விட்டுவிட்டே போ. ரூமில் இருக்கிற பெண்ணோடு துண்டு, தலையணை உறை கலக்காதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அடினோ வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. சித்தி போன் செய்து தாய்ப்பால் விடச் சொல்வாள். சரி சரி என்று சொல்லிவிட்டு விடாமல் இரு.

மருந்தை மாற்றிய பிறகு எனக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இன்னமும் போய்க் காட்டுகிறேன். உனக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள், எப்படிக் குறைக்க வேண்டும், அழுத்தம் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு வா.

உன் பச்சைப் பட்டு ஜாக்கெட்டுக்கு இன்னும் கை வெட்டவில்லை. பழைய அளவுதானா, முழங்கை வரைக்குமா என்பதையும் சொல்.

அம்மா