அனுமதி கேட்க வேண்டியது பள்ளிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிச் சேர்க்கை பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கட்டணம், வேன், சீருடை, 25 சதவீத இடங்கள் என்று எல்லாம் விவரமாக இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் 'மதம்' என்றொரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மதம் சாராத பெற்றோருக்குத் தலைவலி ஆரம்பிப்பதே அங்கேதான்.

என் மகளைச் சேர்க்கும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். கணினி முன்னால் இருந்த அம்மா, "சார், இதை நிரப்பலைன்னா அடுத்த பக்கமே போகாது" என்றார். மதம் இல்லை என்று போடுங்கள் என்றேன். "அப்படி ஆப்ஷன் இல்லையே சார்." என் பெயரையும் என் அப்பா பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவராகவே 'இந்து' என்று சொடுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குப் பின்னால் பெரிய வரிசை.

ஆனால் தமிழ்நாடு அரசு 1973லேயே ஆணை போட்டிருக்கிறது. சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோரைப் பள்ளிகள் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று. 2000இல் அதை மறுபடியும் நினைவூட்டினார்கள். ஒருவர் தன் மதத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அரசு வற்புறுத்த முடியாது, 'எனக்கு மதம் இல்லை' என்பதும் மனசாட்சி உரிமைதான் என்று 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் சொன்னது. இத்தனைக்கும் பிறகு ஒரு மென்பொருள் 'முடியாது' என்கிறது.

சரி, கட்டத்தையாவது காகிதச் சமாச்சாரம் என்று விட்டுவிடலாம். தினமும் காலைப் பிரார்த்தனையில் நடப்பதை அப்படி விட முடியவில்லை. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு என்ன சொல்கிறது? அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. அவராக ஒப்புக்கொண்டால் சரி. சிறுவர் என்றால் பாதுகாவலர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, முதலில் பள்ளி வந்து பெற்றோரிடம் கேட்க வேண்டும். நடைமுறையோ தலைகீழ். கேட்காமலே கும்பிட வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் நாம் போய்க் கெஞ்ச வேண்டும்.

நான் போனேன். "எழுதிக் கொடுங்க சார், பரிசீலிக்கிறோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன், பிரார்த்தனை நேரத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தை காய்ச்சல்காரப் பிள்ளைகளோடு வகுப்பறையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் அவளே, "நான் எல்லாரோடயும் போய் நின்னுக்கறேன்ப்பா" என்றுவிட்டாள். பள்ளிக்குப் பிரச்சினை தீர்ந்தது!

கும்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஒன்றும் குறையாது. அவள் பாட்டியோடு சாரங்கபாணி கோவிலுக்குப் போகிறவள்தான், நான் தடுத்ததில்லை. புளியோதரையை எனக்கும் கொண்டுவருவாள். பாட்டியிடம் 'இன்னைக்கு வரலை' என்று சொல்ல அவளால் முடியும், வகுப்பு ஆசிரியரிடம் முடியாது. இதே உறவினர்கள், தங்கள் பேரப்பிள்ளையை வேறொரு மதத்தின் ஜெபத்துக்கு மண்டியிடச் சொன்னால் மறுநாளே தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பார்கள். நிற்கவும் வேண்டும். அவர்களுக்கும் அதே 28(3)தான் துணை.

இது நாத்திகர்களுக்கான சலுகை இல்லை என்பதற்குக் கேரள வழக்கு ஒன்றே போதும். 1985இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை இடம் தராததால் பாடவில்லை, அதுதான் குற்றம். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஆழ்ந்த நம்பிக்கை உள்ள குடும்பம் அது. அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைக்க முடியாதென்றால், நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளையின் கையை மட்டும் எப்படிக் கூப்ப வைக்கலாம்?

'சாதி மதம் அற்றவர்' சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் அதை வாங்கினார். அப்படிச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் சாதியும் மதமும் ஒரே முடிச்சு. கடவுளை நம்பாத பிற்படுத்தப்பட்ட வகுப்புத் தகப்பன் பிள்ளையின் இடஒதுக்கீட்டை ஏன் விட வேண்டும்? பட்டியல் சாதிப் பெற்றோர் நிலைமை இன்னும் சிக்கல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்து, இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுபவரைப் பட்டியல் சாதியாகக் கருதக் கூடாது என்கிறது. எதையுமே பின்பற்றாதவர் கதி என்ன? அதைத் துணிந்து சொல்ல எந்த எழுத்தரும் தயாரில்லை. எதற்கு வம்பு என்று 'இந்து' என்றே எழுதிவிட்டு வருகிற பகுத்தறிவாளர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்குப் பெரிய செலவு எதையும் வைக்கவில்லை. மதம் கேட்கும் இடத்தில் 'குறிப்பிட விரும்பவில்லை' என்றொரு தேர்வு, சாதிக் கட்டத்தோடு முடிச்சுப் போடாமல். வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுப் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு வரி. சம்மதம் தராத பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. வரும் ஜூன் சேர்க்கைக்குள் இதைச் செய்துவிடலாம். துறை அதிகாரிகளிடம் கேட்டு உங்கள் நிருபர் ஒரு செய்தி எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவியின் தந்தை,
கும்பகோணம்